மாப்பிள்ளை சிபாரிசு செய்த ஏர்பிரஷ்

அறிவிலும் பொறுமையிலும் அட்டவணை போடுவதிலும் ஈடு இணையில்லாத என் அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அதைவிடச் சற்று மேலான நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீன் எப்படி இருக்கிறது என்று நீங்கள் அன்போடு விசாரித்ததாக மகள் சொன்னாள். மீன் இறந்து நாலரை மாதம் ஆகிறது. அதற்கப்புறமும் அதற்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று ஆலோசனை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊராரின் விபத்துகளைப் பரிசீலிக்கிறவர் நீங்கள். எதையும் ஆதியிலிருந்து எழுதினால்தான் உங்களுக்குப் பிடிக்கும். ஆகவே ஆதியிலிருந்து வருகிறேன். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் உதவியாளனாக இருந்து, செத்த பறவைகளையும் அணில்களையும் பாடம் பண்ணி, உள்ளே பஞ்சும் கம்பியும் வைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி அலமாரியில் நிறுத்தியவன் நான். பறவைக்கு வண்ணம் பூச வேண்டியதில்லை. அதன் இறகே அதன் வண்ணம். மீன் அப்படியில்லை. தோல் காய்ந்ததும் நிறம் மொத்தமும் போய், பழைய பார்சல் காகிதம் மாதிரி ஆகிவிடும். தலை முதல் வால் வரை நாம்தான் திரும்ப வண்ணம் பூசியாக வேண்டும். அதனாலேயே பணியில் இருந்தவரை மீன் பக்கமே போகாமல் மானத்தோடு ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனைச் சும்மா விடுகிறார்களா? உங்கள் அத்தைக்கு இடதுபக்கம் மூன்று, வலதுபக்கம் இரண்டு என்று கடைவாய்ப் பற்கள் போனது உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷமாக ரொட்டியைத் தேநீரில் நனைத்துத்தான் சாப்பிடுகிறாள். பல் டாக்டரிடம் செலவு கேட்கப் போனோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கும் இரண்டு பல் ஆடியது. கிளம்பப் போனபோது, என்ன வேலை பார்த்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஏரியில் அவர் பிடித்த பெரிய மீன் ஒன்று, ஒரு கை நீளம், வெள்ளித்தட்டு மாதிரி பளபளவென்று இருக்குமாம், அவர் வீட்டு ஃப்ரீஸரில் ஆள் கிடைக்காமல் கிடக்கிறதாம். "நீங்க என் மீனைச் சரி பண்ணுங்க, நான் உங்க வீட்டம்மா பல்லைச் சரி பண்றேன். காசு பேச்சே வேண்டாம்" என்றார். நான் யோசிப்பதற்குள் உங்கள் அத்தை தலையாட்டிவிட்டாள்.

தோலை உரித்து, உள்ளே வைக்க உடலைச் செதுக்கி, தைத்து, துடுப்புகளை அட்டையில் விரித்துக் காயவைத்தது வரை ஒரு குறையும் இல்லை. அதுவரை நான் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை என்பதை மட்டும் இங்கே பணிவோடு குறித்துக்கொள்கிறேன். வண்ணம் என்று வந்ததும் தூரிகையை எடுத்தேன். மூன்று நாள் பூசினேன். உங்கள் அத்தை வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "பள்ளிக்கூட நாடகத்துல யாரோ மீன் வேஷம் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். போகிற போக்கில், "என் பல்லு இப்ப அந்த மீன் வாயில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. செதில் மேல் தூரிகைத் தடம் கோடு கோடாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உட்கார்ந்தேன். மீனுக்கு ஏர்பிரஷ்தான் வேண்டும். பேனா மாதிரி இருக்கும், உள்ளே ஊசி இருக்கும், காற்றின் வேகத்தில் வண்ணத்தைப் பனியாகத் தூவும். இது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கையால் தொட்டது கிடையாது. எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று மகளிடம் புலம்பினேன். "அப்பா, அவர்கிட்ட கேளுங்கப்பா. கல்யாணமாகி நாலு வருஷத்துல நீங்க அவர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி 'சாப்பிட்டீங்களா'ங்கறதுதான். அவருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றாள். மகளுக்காகக் கேட்டேன். இன்றுவரை அனுபவிக்கிறேன்.

"மாமா, உங்க பட்ஜெட் என்ன?" என்றீர்கள். ஒரு நல்ல ஜோடி செருப்பு வாங்குகிற தொகையைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "இருக்கேன் மாமா. அது ஊசிக்கு மட்டுமா?" என்றீர்கள். "ஊசி, பேனா, காத்து எல்லாத்துக்கும் சேர்த்து" என்றேன். "சவாலா இருக்கு மாமா!" என்றீர்கள். உங்கள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை உங்கள் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. மூன்று நாள் கழித்து அட்டவணை வந்தது. இருபத்து மூன்று மாடல், பதினான்கு பத்தி. உங்கள் அத்தை அதை ரயில் நேர அட்டவணை என்று நினைத்துக்கொண்டு, "எந்த ஊருக்குப் போறோம்?" என்று ஆசையாகக் கேட்டாள். ஒரே அமுக்கில் காற்றும் வண்ணமும் சேர்ந்து வருவது ஒரு ரகம், கீழே அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்று தனித்தனியாக வருவது இன்னொரு ரகம், வண்ணக் கோப்பை தலையில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குக் கீழே தொங்குவது ஒன்று என்று எழுதிக்கொண்டே போயிருந்தீர்கள். ஊசித் துளையில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்துக்காக இரண்டு பக்கம் செலவழித்திருந்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்து அவ்வளவு சின்னது. பூதக்கண்ணாடி வைத்து முழுவதையும் படித்தேன். என் பட்ஜெட்டுக்குள் அடங்கியது அதில் ஒன்றே ஒன்றுதான். அது ஏர்பிரஷைக் கழுவுகிற பிரஷ்.

"கண்ணால பார்த்தா ஒரு தெளிவு வரும் மாமா, ஒரு கடைக்குப் போய்ட்டு வாங்க" என்றீர்கள். போனேன். ஓவியச் சாமான் விற்கிற பெரிய கடை. உள்ளே குளிர் வேறு. விற்பனைப் பிரிவில் இருந்தவர் மிக மரியாதையாக, "சார், கேக் மேல அடிக்கவா, நகத்துக்கா, மேக்கப்புக்கா?" என்று கேட்டார். "மீனுக்கு" என்றேன். "தொட்டியில இருக்கற மீனுக்கா சார்? அதுக்கு வலிக்காதா?" என்றார். "வலிக்காது, அது செத்துப்போச்சு" என்றேன். அவர் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார். இருந்தாலும் கடமை தவறாமல் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டுத் துணியில் படுத்திருந்தது கருவி. விலையைக் கேட்டேன். சொன்னார். ஓரடி பின்னால் போவது என் முறை. இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னபோது, "கவலைப்படாதீங்க மாமா, ஒரு வழி பண்ணிட்டேன்" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் அப்போதே சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

நாலாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தேன். ரோஜா நிறம். மேல் அட்டையில் ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு, தன் கன்னத்தில் தானே எதையோ தூவிக்கொண்டு பரவசத்தில் இருந்தார். "பன்னிரண்டாயிரம் பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க மாமா" என்றீர்கள். அந்தப் பன்னிரண்டாயிரம் பேரில் எத்தனை பேர் மீனுக்கு அடித்தார்கள் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. ஆனாலும் உங்கள் மேல் உள்ள மரியாதையால் பாட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, காலையில் மீன் முன்னால் உட்கார்ந்தேன். விசையை அமுக்கினேன். கொசு கொட்டாவி விட்டால் என்ன காற்று வருமோ அது வந்தது. பதினோரு நிமிஷத்தில் அதுவும் நின்றது. திரும்ப மூன்று மணி நேரம் சார்ஜ். இப்படி இரண்டு நாளில் மீனின் வாலில் பாதியை முடித்தேன். இடையில் பேனாவின் மூக்கில் வண்ணம் காய்ந்து அடைத்துக்கொள்ள, ஊசியை உருவி, கழுவி, திரும்பச் செருகி, அதன் முனையை என் கட்டைவிரலில் சோதித்து... அதை விடுங்கள். கட்டைவிரல் ஆறிவருகிறது. உங்கள் அத்தை மட்டும் அந்த ரோஜா நிறத்தைப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, வாங்கினவருக்கு ரசனை இருக்கு" என்றாள். அவள் எப்போதும் உங்கள் கட்சி.

நான் தோல்வியை ஒப்புக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். நீங்கள் விடவில்லை. "மாமா, பேனாவில கோளாறு இல்ல, காத்துலதான் கோளாறு. பேனாவைத் தனியா கழட்டலாம். காத்து எங்கிருந்து வந்தா என்ன? பக்கத்துல பஞ்சர் கடை இருக்கா?" என்றீர்கள். இருக்கிறது, அடுத்த தெருவில். ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிப்போவது மாதிரி மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ரோஜா நிறப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பட்டப்பகலில் தெருவில் நடந்தேன் மாப்பிள்ளை. முப்பத்தோரு வருஷம் பேராசிரியர்களால் 'சார்' என்று அழைக்கப்பட்டவன். எதிரே வந்த தபால்காரர், "என்ன சார், இன்னும் வேகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பஞ்சர் கடைக்காரர் ஒரு டயரை நீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை என்றும் மறக்க மாட்டேன். பேனாவின் வாலை அவருடைய காற்றுக் குழாயோடு, பழைய டியூப் ரப்பரால் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பிறகு மீட்டர் பக்கம் கையை வைத்துக்கொண்டு, மிக அக்கறையாகக் கேட்டார்: "எத்தனை பாயின்ட் வைக்கட்டும் சார்? முன் டயர் அளவா, பின் டயர் அளவா?"

முன் டயர் அளவு வைக்கச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, அடுத்த கால் மணி நேரம் என் வாழ்க்கையில் மிக நல்ல கால் மணி நேரம். வெள்ளி வண்ணம் புகை மாதிரி போய் மீன்மேல் படிந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. செதில் செதிலாக உயிர் வந்தது. பஞ்சருக்கு வந்த இரண்டு மூன்று பேர் தங்கள் வண்டியை மறந்து நின்றார்கள். ஒருவர் "அசையுது பார்!" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்தது முதுகுக்குக் கருஞ்சாம்பல் நிறம். கோப்பையில் ஊற்றினேன். முதுகுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று வாய்விட்டுச் சொன்னேன். இது என் தவறு. உங்கள் அலுவலகப் படிவத்தில் இதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். "லாரி அளவு வைக்கறேன் சார்" என்றார் கடைக்காரர். வைத்தார். காற்றுத் தொட்டி ஒரு தடவை கனைத்தது, பெரிய மனிதர்கள் பேசுவதற்கு முன்னால் கனைப்பார்களே அதுமாதிரி. அப்புறம் துப்பியது. காற்றின் ஈரம் இறங்கி அதன் வயிற்றில் எத்தனை நாள் தேங்கிய தண்ணீரோ, வண்ணத்தோடு கலந்து சொட்டுச் சொட்டாக, பளபளவென்றிருந்த வெள்ளி விலா முழுக்கத் தெறித்தது. நான் பதறி விசையை விடுவதற்குப் பதில் இன்னும் பின்னால் இழுத்துவிட்டேன். கோப்பையின் மூடி பறந்தது. மிச்சம் என் நெற்றிக்கு வந்தது. கூட்டம் கலைந்தது. கடைக்காரர் மட்டும் ஒரு துணியைக் கொடுத்து, "தண்ணி வடிச்சுவிட்டிருக்கணும் சார், டயருக்குத்தான் அது பரவாயில்ல" என்றார்.

புள்ளி விழுந்த மீனும் புள்ளி விழுந்த மாமனாருமாக வீட்டுக்கு வந்து உங்களைக் கூப்பிட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன். "ஈரத்தைப் பிரிக்கிற வடிகட்டி போட்டீங்களா மாமா? பதினோராவது பத்தியில எழுதியிருந்தேனே?" என்றீர்கள். எழுதியிருந்தீர்கள். எடுத்துப் பார்த்தேன். எறும்பின் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், ஆமாம், எழுதியிருந்தீர்கள். நீங்கள் எதையும் விடுகிறவர் இல்லை.

ஒரு புள்ளியைத் துடைத்துப் பார்த்தேன். அதோடு வெள்ளியும் வந்துவிட்டது. அந்த இடத்தில் வழுக்கை. வழுக்கைமேல் வெள்ளியைத் தூரிகையால் பூசினால் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கிறது. கடைசியில் வேறு வழியில்லாமல், துடைத்த புள்ளியையே திரும்ப வைத்துவிட்டேன். உங்கள் அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவாயில்ல விடுங்க, பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் தேநீரில் போட்டுவிட்டு, அது ஊறுகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை, இந்த வயதில் எனக்கு எதுவும் பெரிதாக வலிப்பதில்லை. அது வலித்தது. சரியான கருவி வாங்கக் கையில் காசு இல்லாதவன் அந்த மீனுக்குச் சம்மதித்தே இருக்கக் கூடாது. இது உங்கள் தவறில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் தவறும் கொஞ்சம் இருக்கிறது.

இன்று மாலை ஐந்து மணிக்கு டாக்டர் மீனைப் பார்க்க வருகிறார். உள்ளதை உள்ளபடி சொல்லி, மீனைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல் பேச்சை எடுக்காமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாடம் பண்ணுகிற வேலையை இன்றோடு விட்டேன். ஏர்பிரஷை நன்றாகக் கழுவி, பெட்டியில் வைத்து, கன்னம் சிவந்த அந்த அம்மையாரின் அட்டையையும் மூடி ஒட்டிவிட்டேன். நாளைக் காலை இந்தக் கடிதத்தோடு அதுவும் உங்களுக்கு வரும். தயவுசெய்து இனி எனக்காக எதையும் தேடாதீர்கள், ஒப்பிடாதீர்கள், பத்தி பிரிக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் உலகத்தின் விபத்தெல்லாம் காத்திருக்கிறது, வீட்டிலும் எதற்கு?

நீங்களும் என் மகளும் எந்தக் குறையுமில்லாமல், எல்லாப் பல்லோடும், நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன். அவளுக்கு என் அன்பைச் சொல்லவும். அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெற்றியில் இன்னும் முழுதாகப் போகாத கறையோடு,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மணி ஆறரை. கடிதத்தை இன்னும் உறையில் போடவில்லை, நல்லதாகப் போயிற்று. டாக்டர் வந்தார். போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், குனிந்தார். "இந்தப் புள்ளிங்க..." என்றார். "டாக்டர், அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? ஃபோட்டோவில ஒண்ணுகூட விழலையே! தண்ணியிலேர்ந்து மேல தூக்கின அந்த ஒரு நிமிஷம் அப்படியே இப்படித்தான் இருந்துது. சொன்னா ஒருத்தனும் நம்பலை. கூட மீன் பிடிக்க வந்த கண் டாக்டர், 'உனக்குக் கண்ணைச் செக் பண்ணணும்'னான்!" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது நிஜம். என் கால்மேல் உங்கள் அத்தையின் குதிகால் இறங்கியதும் நிஜம். "முப்பது வருஷ அனுபவம் டாக்டர்" என்று அவள்தான் பதில் சொன்னாள். அவர் பொய் சொல்கிறாரா, மீனுக்கு நிஜமாகவே புள்ளி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. நாளை காலை பத்து மணிக்கு என் மனைவியின் வாய்க்குள் கைவிட்டு அளவெடுக்கப்போகிற மனிதரிடம் அதையெல்லாம் கேட்பார்களா? போதாததற்கு, பல் டாக்டர் மீனைப் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்த அந்தக் கண் டாக்டர் கால் மணி நேரத்துக்குள் எனக்கே ஃபோன் செய்துவிட்டார். அவர் ஃப்ரீஸரிலும் ஒரு மீன் இருக்கிறதாம். அதற்கும் புள்ளி இருந்ததாம், இப்போதுதான் ஞாபகம் வருகிறதாம். பல் டாக்டர் மீனைவிட ஒரு புள்ளியாவது கூட இருக்குமாம். ஆகவே பார்சல் வராது, ஒட்டியதைப் பிரித்துவிட்டேன். வடிகட்டி வாங்கியிருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடவும். பஞ்சர் கடைக்காரரிடம் பேசிவிட்டேன், தொட்டித் தண்ணீரை ஒரு வாரத்துக்கு வடிக்க மாட்டார். இந்தத் தடவை ஒருவர் விசையை இழுக்கும்போது இன்னொருவர் மூடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார், அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வாருங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வரவும்.